அண்ணன் சொன்ன ஓட்டு

கர்னல் லைமன் டாரட் எந்தப் போரையும் பார்த்தவர் இல்லை. கென்டக்கி மாநிலத்தில் கர்னல் ஆவதற்குப் போருக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. வருஷத்தில் சில நாள் ஊர்ப்படை மைதானத்தில் கூடும். பாதிப் பேர் துப்பாக்கியோடு வருவார்கள், மீதிப் பேர் சோளத்தட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு வருவார்கள். அதிக விஸ்கி ஊற்றுகிறவரைத் தளபதி ஆக்குவார்கள். டாரட் முப்பத்தொரு வயதில் மூன்று பீப்பாய் திறந்தார், கர்னல் ஆனார். மூன்று பீப்பாயும் அவருடைய அண்ணன் ஜோயல் காய்ச்சியது.

அவருடைய வாழ்க்கையில் எந்த இடத்தைத் தோண்டினாலும் அடியில் ஜோயல் இருப்பார். எனக்கு எரிச்சல் வருவது அதனால்தான்.

நான் சைலஸ் வெனபிள். டன்மோர் கோர்ட்டில் குமாஸ்தா. இருபத்திரண்டு வருஷம் தேர்தல் புத்தகம் எழுதியிருக்கிறேன். டாரட்டைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள், எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நானும் சிரித்தவன்தான். ஆனால் அவர்கள் யாரும் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவில்லை.

டாரட் சகோதரர்களின் அப்பா மரம் வெட்டும்போது மரம் மேலே விழுந்து செத்தார். அப்போது ஜோயலுக்குப் பதினைந்து, லைமனுக்கு ஏழு. ஜோயல் ஏரைப் பிடித்தார், தம்பியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். லைமன் வாயைத் திறந்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், ஜோயலுக்கு வாயே கிடையாது. மாதாகோவிலில் பாட்டுப் பாடும்போதுகூட ஜோயல் உதட்டை மட்டும்தான் அசைப்பார். லைமன் முதலில் ஊர்க் காவலர் ஆனார், பிறகு பஞ்சாயத்து நீதிபதி, பிறகு நான் சொன்ன கர்னல். அதற்கப்புறம் அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடுகிற மாநிலச் சட்டசபையில் ஒரு நாற்காலி. இரண்டு தடவை நின்றார், இரண்டு தடவையும் டாக்டர் பெல்டனிடம் தோற்றார். மூன்றாம் தடவையும் தோற்றால் கட்சி அவரைக் கழற்றிவிடும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் அப்போது ஓட்டுக்குக் காகிதம் கிடையாது. ரகசியமாக ஓட்டுப் போடுகிறவன் பயந்தாங்கொள்ளி என்பது எங்கள் எண்ணம். ஆகஸ்ட் முதல் திங்கள் தொடங்கி மூன்று நாள் தேர்தல். ஓட்டுக்காரர் கோர்ட்டுக்குள் வந்து கம்பித் தடுப்பு ஓரமாக நிற்பார். ஷெரீப் உரக்கக் கேட்பார், "யாருக்கு உன் ஓட்டு?" அவர் தன் வாயால் பெயரைச் சொல்ல வேண்டும். நான் எழுதுவேன். பெயர் சொல்லப்பட்ட வேட்பாளர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எழுந்து, தொப்பியை நெஞ்சில் வைத்து, ஓட்டுக்காரரைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி சொல்ல வேண்டும். மூன்று நாளும், ஒவ்வொருத்தருக்கும். நன்றி சொல்லாமல் விட்ட வேட்பாளர் மறு வருஷம் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

தம்பி நின்றபோதெல்லாம் ஜோயல் ஒன்பது மைல் நடந்து வந்து அவர் பெயரைச் சொல்வார். தம்பி எழுந்து, "நன்றி, ஜோயல் டாரட் அவர்களே" என்பார். ஜோயலுக்குக் காது வரை சிவந்துவிடும். வெளியே கொப்பரையில் அணில் கறியும் சோளமும் கொதிக்கும். அதைக்கூடச் சாப்பிடாமல் திரும்பி நடந்துவிடுவார்.

1845-ஆம் வருஷம், லைமன் மூன்றாம் தடவை நின்ற தேர்தலுக்கு, அவர் நடந்து வரவில்லை. பால் நோய். மாடு காட்டில் ஏதோ விஷச் செடியைத் தின்னும், அந்தப் பாலைக் குடித்தவருக்குக் கை கால் நடுங்கும், வாந்தி வரும், தாகம் உயிரை வாங்கும். எங்கள் பக்கத்தில் ஆகஸ்டில் பத்துப் பேருக்கு வந்தால் ஆறு பேரைப் புதைப்போம்.

மூன்றாம் நாள் நடுப்பகலில் டாக்டர் இரண்டு ஓட்டு முன்னால் இருந்தார். கர்னல் கட்சிக்காரர்கள் இன்னும் இரண்டு மூன்று பேரை எங்கிருந்தோ இழுத்து வந்துகொண்டிருந்தார்கள். அதற்குமேல் ஊரில் ஆள் இல்லை. கர்னல் விரலை மடக்கி மடக்கி எண்ணினார்.

"அண்ணன் இன்னும் சொல்லல" என்றார்.

டாக்டர் பெல்டன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஜோயலுக்கு வைத்தியம் பார்த்தவரும் அவர்தான். "ஜோயலா? முந்தாநாள் பாத்தேன். எந்திரிக்க மாட்டான்யா. அந்த ஓட்டை மறந்துடு" என்றார். நோயாளியைப் பற்றிச் சொல்கிற குரல் இல்லை அது. ஒரு ஓட்டு குறைந்துவிட்டதில் அவருக்கு நிம்மதி, அவ்வளவுதான்.

கர்னல் பெஞ்சை விட்டு எழுந்து போனார். வேட்பாளர் அப்படிப் போவது வழக்கமே இல்லை.

அந்த வீட்டில் நடந்ததை ஜோயலின் மனைவி கெசையா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கர்னல் தன் அடிமைகள் ஐசம், டேவி இரண்டு பேரையும் வண்டியோடு கூட்டிக்கொண்டு போயிருந்தார். உள்ளே போனவர் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை, எங்கே பிடித்துத் தூக்கலாம் என்று மெத்தையின் நான்கு மூலையையும் பார்த்தார்.

"தம்பி, மூணு நாளா அவரு வயித்துல ஒண்ணும் நிக்கல. விட்டுடுங்க" என்றாள் கெசையா.

"அண்ணி, ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். ராத்திரிக்குள்ள திருப்பிக் கொண்டாந்து விட்டுடறேன்."

"அந்த ஒரு வார்த்தை எங்கிட்டயே சொல்ல முடியலியே அவரால. கண்ணைத்தான் காட்டறாரு."

"எனக்காகச் சொல்லுவாரு. வேணும்னா கேட்டுப் பாருங்க. அண்ணே, வரீங்கல்ல?"

ஜோயல் தலையை அசைத்தாராம். நடுக்கத்தில் அசைந்ததா, சம்மதித்தாரா என்று கெசையாவுக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அவள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். கர்னல் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார், மரியாதையாகத்தான்.

ஒன்பது மைல் ஓடைப் பாதை, பாதி தூரம் கல். வழியெல்லாம் ஜோயல் முனகி முனகித் தண்ணீர் கேட்டார். ஐசம் வண்டியை நிறுத்தப் போனபோது கர்னல் தடுத்தார். "குடுக்காத. தண்ணி குடுத்தா வாந்தி வரும்னு டாக்டர் சொல்லியிருக்கான். வாந்தி வந்தா இருக்கற பேச்சும் போயிடும். அண்ணே, கொஞ்சம் பொறுத்துக்கங்க. சொல்லி முடிச்சதும் எவ்வளவு வேணும்னாலும் குடிக்கலாம்."

சூரியன் சாய இருபது நிமிஷம் இருக்கும்போது வண்டி வந்தது. என் புத்தகத்தில் அப்போது இருநூற்றெண்பத்தேழு, இருநூற்றெண்பத்தேழு. கூட்டம் விலகி வழிவிட்டது. ஐசமும் டேவியும் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கம்பித் தடுப்புக்கு முன்னால் தரையில் வைத்தார்கள். நாற்றம் வந்தது. முன்னால் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், ஆனால் யாரும் இடத்தை விடவில்லை.

ஷெரீப் போக் குனிந்தார். "ஜோயல் டாரட், சட்டசபைக்கு யாருக்கு உன் ஓட்டு?"

ஷெரீப் மறுபடி கேட்டார். கர்னல் மண்டியிட்டு அண்ணன் காதோரம், "அண்ணே, சொல்லுங்க, நேரமாகுது" என்றார். மூன்றாம் தடவை கேட்டபோது உதடு அசைந்தது. எனக்கும் அவருக்கும் நடுவே மூன்றடி இருக்கும். நான் கேட்டேன். "தண்ணி" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும், "தண்ணி குடு" என்றார்.

"சொல்லிட்டாரு!" என்று கர்னல் துள்ளி எழுந்தார். "டாரட்னு சொல்லிட்டாரு! கேட்டீங்கல்ல எல்லாரும்?"

டாக்டர் பாய்ந்து வந்தார். "என்னய்யா சொன்னாரு? தண்ணின்னாரு! எங்காதுல நல்லா விழுந்துச்சு. தண்ணின்னு ஒருத்தன் இந்தத் தேர்தல்ல நிக்கறானா?"

மேற்பார்வைக்கு இரண்டு நீதிபதிகள் உண்டு, கட்சிக்கு ஒருத்தர். கர்னல் கட்சிக்காரர் டாரட் என்று கேட்டதாகச் சொன்னார். டாக்டர் கட்சிக்காரர் அந்த ஆள் தண்ணீர்தான் கேட்டான் என்றார். இருவரும் சட்டப் புத்தகத்தைக் கொண்டு வரச் சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார்கள். சாகக் கிடக்கிறவரின் குரல் குரலாகுமா, முனகல் ஓட்டாகுமா என்று வாதாடினார்கள். டாக்டர் பெல்டன் ஜோயலின் வாயையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை. நீதிபதிகள் இரண்டு பேரும் ஒத்துவராவிட்டால் ஷெரீப் சொல்வதுதான் முடிவு. போக் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும்.

"டாரட்னு எழுது, சைலஸ்" என்றார்.

எழுதினேன்.

கர்னல் எழுந்து நின்றார். தொப்பியை நெஞ்சில் வைத்தார். மூன்று நாளாக நன்றி சொல்லிக் கரகரத்துப்போன குரல், ஆனாலும் வாசல்வரை கேட்டது. "நன்றி, ஜோயல் டாரட் அவர்களே! என் உயிர் உள்ளவரை இதை மறக்க மாட்டேன்!" கூட்டம் கைதட்டியது. ஜோயலின் உதடு இன்னும் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கைதட்டலில் கேட்கவில்லை, உதட்டைப் பார்த்தே தெரிந்தது.

சூரியன் இறங்கியது. ஷெரீப் கதவைச் சாத்தச் சொன்னார். கர்னலைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மெத்தையை யாரோ தாண்டிப் போனார்கள், யாரோ அதன் ஓரத்தை மிதித்தார்கள். ஐசம் என்னிடம் வந்து, "ஐயா, இவரு போயிட்டாருங்க" என்று மெதுவாகச் சொன்னான். வேறு யாரிடம் சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

டாக்டர் அந்த ஓட்டை எதிர்த்துச் சட்டசபைக்கு மனு போட்டார். அங்கிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அந்த ஓட்டர் சொன்னதாக நீர் கேட்டது என்ன, சத்தியம் செய்து எழுதி அனுப்பவும் என்று. புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் என்று பதில் எழுதினேன். எனக்கு வேலை கொடுத்தவர்கள் கர்னலின் கட்சிக்காரர்கள். பயம்தான், வேறொன்றுமில்லை. ஜோயலுக்கு மிக அருகில் நின்றவர்கள் ஐசமும் டேவியும். வெள்ளைக்காரனுக்கு எதிராக அடிமை சொல்வது எங்கள் கோர்ட்டில் செல்லாது. அதனால் அவர்களை யாரும் கேட்கவே இல்லை.

கர்னல் ஒரு குளிர்காலம் சட்டசபையில் உட்கார்ந்தார். ஊர்ப் பன்றிகள் தெருவில் திரியக்கூடாது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார், ஓடைக்கு ஒரு பாலம் கேட்டு வாங்கினார். பாலம் நல்ல பாலம்தான், இன்னும் நிற்கிறது. அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊர் அவரை விட்டிருக்கும். ஓட்டைத் திருடுவதெல்லாம் எங்களுக்குப் பெரிய விஷயம் இல்லை, இரண்டு கட்சியும் செய்வதுதான். ஆனால் அந்த ஆளுக்கு வாய் சும்மா இருக்காது. ஏறிய மேடையிலெல்லாம் அண்ணனைப் பற்றிப் பேசினார். கண்ணீர் விட்டார். கைக்குட்டையும் ஒன்று வைத்திருந்தார், கறுப்புக் கரை போட்டது.

ஜூலை நாலாம் தேதி சுதந்திர தின விருந்தில் அதேபோல் பேசினார். "என் அண்ணன் கடைசி மூச்சில் சொன்ன வார்த்தை என் பெயர்!" என்றார். கெசையா பெண்கள் பக்கத்தில் சோள ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"தண்ணி கேட்டாரு தம்பி" என்றாள். "நீங்க குடுக்கல."

ஐசம் சொன்னது கோர்ட்டில்தான் செல்லாது. கெசையாவின் சமையலறையில் செல்லும்.

அடுத்த மாதமே மறுபடி தேர்தல். முதல் நாள் முதல் ஆள் கொல்லர் ஜென்ட்ரி. கம்பித் தடுப்புக்கு வந்தார். ஷெரீப் கேட்டார். ஜென்ட்ரி நாக்கை வெளியே தள்ளினார். "கர்னலு, ஒரு வாய் தண்ணி கெடைக்குமா?" என்றார். கோர்ட்டே சிரித்தது. "பெல்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வளவுதான். வந்தவர்களெல்லாம் அதையே பிடித்துக்கொண்டார்கள். "கர்னலு, தொண்டை காயுது." "கர்னலு, ஓட்டு வேணுமா, மொதல்ல ஒரு சொட்டு ஊத்து." ஒருத்தன் தரையில் மல்லாந்து படுத்து முனகிக் காட்டினான், அவனை இரண்டு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். செத்தவனின் தாகத்தைக் காட்டி இப்படிச் சிரிக்கிறோமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கே ஓட்டுச் சொன்ன கட்சிக்காரர்கள்கூட முதலில் தண்ணீர் கேட்டுவிட்டுத்தான் அவர் பெயரைச் சொன்னார்கள். அவர்களுக்கும் அவர் எழுந்து, தொப்பியை நெஞ்சில் வைத்து, "நன்றி" என்றார். வேறு வழி? பெஞ்சை விட்டு எழுந்து போனால் ஓடிப்போனவன் என்பார்கள்.

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. ஆகஸ்ட் வெயிலில் கோர்ட்டு அடுப்பு மாதிரி கொதிக்கும். அந்த மூன்று நாளும் பகலில் அவர் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. குடிக்க முடியாது. முதல் நாள் ஒரு தடவை கோப்பையைக் கையில் எடுத்தார், எழுந்த கூச்சலில் கீழே வைத்துவிட்டார். டாக்டர் பெல்டன் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து அடிக்கடி குடித்தார், ஒவ்வொரு தடவையும் வாயைத் துடைத்துக்கொண்டு "ஆஹா" என்றார். நான் சிரித்தேன். மறைக்க என்ன இருக்கிறது, தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

நானூற்றிரண்டுக்கு அறுபத்து மூன்று என்று தோற்றார். அதன்பிறகு பதினாலு வருஷம் இருந்தார். கட்சி அவரை மேடையில் ஏற்றவில்லை. நில வழக்கு மனு எழுதிப் பிழைத்தார், கடைக்குள் நுழைந்தால் யாராவது தொண்டை காய்ந்த மாதிரி இருமுவார்கள். செத்தபோது சவப்பெட்டி தூக்க ஆறு பேர் கிடைக்கவில்லை, நாலு பேர்தான். மறுநாள் கல்லறை மேல் எவனோ ஒரு தகரக் கோப்பையைக் கவிழ்த்து வைத்திருந்தான். டாக்டர் பெல்டன் மேல்சபை வரைக்கும் போனார். அவருக்கு ஊர் நடுவில் கல்லில் பெயர் வெட்டியிருக்கிறார்கள்.

இதெல்லாம் ஊர் சொல்கிற கதை. ஊர் சொல்லாமல் விடுவது அந்தத் தண்ணீர்த் தேர்தலின் மூன்றாம் நாள் சாயங்காலத்தை.

கடைசியாக வந்தவன் ஏசா, ஜோயலின் மகன், போன ஆகஸ்டில் வெளியூரில் கூலி வேலையில் இருந்தவன். வசந்தத்தில்தான் இருபத்தொன்று முடிந்திருந்தது, முதல் ஓட்டு. அவன் உள்ளே வந்ததும் கூட்டம் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டது. "இப்பதான்டா இருக்கு" என்றார் ஜென்ட்ரி. மூன்று நாள் கூத்துக்கு இவன்தான் முத்தாய்ப்பு வைக்கப்போகிறான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். நானும்தான்.

"ஏசா டாரட், யாருக்கு உன் ஓட்டு?"

"லைமன் டாரட்."

கர்னல் பழக்கத்தில் எழுந்துவிட்டார். தொப்பி நெஞ்சுக்கு வந்தது. உதடு வெடித்திருந்தது.

"எங்கம்மா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க சித்தப்பா" என்றான் ஏசா. குரல் உயரவே இல்லை. "அப்பா உங்களுக்கு ஓட்டுச் சொல்லத்தான் வந்தாராம். ஒரு வாய் தண்ணி குடுத்துட்டுக் கேட்டிருந்தா உங்க பேரைத்தான் சொல்லியிருப்பாராம். அந்த ஓட்டை நீங்க திருடியிருக்கவே வேண்டாமாம்."

கர்னல் நன்றி சொல்லப் பார்த்தார். வறண்ட தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும், போன வருஷம் அதே இடத்தில் தரையிலிருந்து கேட்டிருக்கிறேன். அவர் உட்கார்ந்து தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பின்னால் ஒருத்தன் சிரித்தான், கூடச் சிரிக்க யாரும் இல்லாததால் நிறுத்திக்கொண்டான்.

ஏசா போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. என் மேஜைப் பக்கம் திரும்பினான். மைக்கூட்டுக்குப் பக்கத்தில் என் மண்ஜாடி இருந்தது. மூன்று நாளும் தொண்டை நனைக்கக் காலையில் ஓடையிலிருந்து நிரப்பிக்கொண்டு வருவது, இருபது வருஷத்து வழக்கம். அவன் அதைப் பார்த்தான், பிறகு தடுப்புக்கு முன்னால் இருந்த தரையைப் பார்த்தான்.

"வெனபிள் ஐயா, இந்த ஜாடி அன்னிக்கும் இங்கதான் இருந்துச்சா?"

இத்தனை பேருக்கு முன்னால் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. எழுதத்தான் எனக்குத் தெரியும். பேனாவைக் கீழே வைத்தேன்.

"இருந்துச்சு."

"அதுல தண்ணி இருந்துச்சா?"

"நெறைய இருந்துச்சுப்பா" என்றேன்.